கச்சேரி நடந்த இடம்

வடகரைச்செவலில் ஒரு கட்டடம் ஊருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்ட கதையை ஆளுக்கு ஓர் இடத்திலிருந்து தொடங்குவார்கள். ரேஷன் கடைக் குற்றாலிங்கம் தன் கையிலிருந்த சாவியிலிருந்து தொடங்குவார், ஆற்றங்கரைத் தெருப் பெண்கள் அன்றைக்குப் போடுவதாக இருந்த பாமாயிலிலிருந்து தொடங்குவார்கள், ஆவுடைநாயகம் மட்டும் தொடங்கவே மாட்டார், கேட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். அதனால் அவருக்கும் சேர்த்து நாமே தொடங்கிவிடுவோம்.

சிவனணைந்தபெருமாளின் லாலா கடையில், அல்வாத் தட்டுகளுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு புகைப்படம் ஒட்டப்படும். ஊரிலுள்ள ஏதோ ஒரு பழைய கட்டடத்தின் ஏதோ ஒரு துண்டு அதில் இருக்கும். ஒரு வாரம் தூணின் தலை, ஒரு வாரம் ஜன்னல் கம்பியின் வளைவு, ஒரு வாரம் காரை பெயர்ந்த சுவரில் மிச்சமிருக்கும் அன்னத்தின் கழுத்து. படத்துக்குக் கீழே ஒரு குறிப்பு. இது எந்தக் கட்டடம், முன்பு என்னவாக இருந்தது என்று சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும், சரியாகச் சொன்னவருக்கு அரைக் கிலோ அல்வா. படம் எடுப்பது, குறிப்பு எழுதுவது, தீர்ப்புச் சொல்வது எல்லாம் எதிர்க்கடையில் பேனர் அச்சடிக்கும் ஆவுடைநாயகத்தின் பொறுப்பு. இந்த விளையாட்டு வந்த பிறகு ஊரில் கத்தரிக்காய் வாங்கப் போனவர்கள்கூட நின்று நின்று மேலே பார்த்தார்கள், பிறந்ததிலிருந்து கண்மட்டத்துக்கு மேல் எதையும் பார்த்திராத ஆண்களுக்கெல்லாம் கழுத்து வலி வந்தது, அல்வாவை விலைக்கு வாங்கித் தின்பதில் ருசியில்லை என்று சிலர் சொல்ல ஆரம்பித்துச் சிவனணைந்தபெருமாளைக் கவலையில் ஆழ்த்தினார்கள்.

பெரும்பாலும் ஜெயிப்பது போஸ்டாபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வெயிலுகந்தாள் அக்காதான். அவள் சீட்டு எழுதும்போது யோசிக்க மாட்டாள், சொந்தக்காரர் பெயரை எழுதுவதுபோல் எழுதிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். மற்றவர்களுக்கும் கொஞ்சம் வழி விடுங்கள் அக்கா என்று கிண்டல் செய்வார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள்.

ஆவுடைநாயகத்துக்கு இந்தத் தீர்ப்பு நாற்காலி எப்படிக் கிடைத்தது என்றால், பேனர் அச்சடித்ததால் இல்லை, வீட்டுப் பெயரால் கிடைத்தது. அவர் வீட்டுக்குக் கச்சேரியார் வீடு என்று பெயர். யாரும் அவரை ஆவுடைநாயகம் என்று கூப்பிட்டதில்லை, கச்சேரியாரே என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டனுக்கும் முந்தைய பாட்டன் ஒருவர் பெரிய பாட்டுக்காரராக இருந்திருக்க வேண்டும் என்று ஊர் தானாகவே முடிவு கட்டியிருந்தது. பங்குனித் திருவிழாவில் நாதஸ்வரம் தொடங்குவதற்கு முன்னால் முதல் சந்தனமும் முதல் மாலையும் தட்டில் வைத்து இந்த வீட்டு வாசலுக்குத்தான் வரும், மாலையைப் போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்து, ஆரம்பியுங்கள் என்று அவர் சொன்ன பிறகுதான் சீவாளி உதட்டுக்குப் போகும். அவர் தலையை ஆட்டினால் கூட்டம் முழுக்கத் தலையை ஆட்டும், தப்பான இடத்தில் ஆட்டினால் கூட்டமும் தப்பான இடத்தில் ஆட்டும், வாசிக்கிறவர் பாவம் தடுமாறிப் போவார். ஒரு பாட்டுப் பாடுங்கள் என்று யாராவது கேட்டால் தொண்டை கட்டியிருக்கிறது என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் தொண்டை கட்டித்தான் இருக்கிறது என்று மனைவி சங்கரவடிவு சொல்வாள்.

உண்மை அவருக்குத் தெரியும். அவருடைய அப்பா ஒருநாள் காலையில் முகச்சவரம் செய்துகொண்டே, வீட்டில் எல்லோருக்கும் வரும் சர்க்கரை வியாதியைப் பற்றிச் சொல்வதுபோல், சாதாரணமாகச் சொன்னார்.

"நமக்குப் பாட்டும் கெடையாது கூத்தும் கெடையாதுடே. அந்தக் காலத்துல தாசில் ஆபீசுக்குத்தான் கச்சேரின்னு பேரு. நம்ம ஆளு அங்க கிட்டி போடுதவன். ஊருக்குள்ள வேற மாதிரி நெனச்சுக்கிட்டாவ, நாம எதுக்குத் திருத்தணும்?"

கிட்டி என்றால் இரண்டு கட்டைகள், ஒரு முனையில் கயிற்றால் பிணைத்தவை. நிலத்தீர்வை கட்ட முடியாதவனுடைய விரல்களை நடுவில் வைத்து மறுமுனையையும் கட்டி, கயிற்றை முறுக்க வேண்டும், அவன் வீட்டுப் பெண்கள் கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக்கொண்டு ஓடி வரும்வரை முறுக்க வேண்டும். அதை முறுக்கிய கையின் வழியில் வந்தவர் ஆவுடைநாயகம். கேட்ட அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. அதற்கடுத்த பங்குனியில் மாலை வந்தபோது, அவர் அப்பாவைப் போலவே கழுத்தை நீட்டினார்.

வினை ஒரு பழைய படச் சட்டத்தில் வந்தது. ஆவுடைநாயகம் காய்ச்சலாகப் படுத்திருந்த ஒரு வாரம், விளையாட்டு நின்றுபோகக் கூடாதே என்று சிவனணைந்தபெருமாள் பழைய சாமான் கடையில் கிடந்த ஒரு புகைப்படத்தை வாங்கிவந்து தானே ஒட்டிவிட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த படம், பெரிய கூடம், உருண்டைத் தூண்கள், சுவரில் ஆணியில் தொங்கும் இரண்டு கட்டைகள். படத்தின் பின்னால் கச்சேரி என்று மட்டும் எழுதியிருந்தது, அதனால் அவர் குறிப்பை இப்படி எழுதினார்: இங்கே தினமும் கச்சேரி நடந்தது.

தூண்களைப் பார்த்ததுமே ஊர் கண்டுபிடித்துவிட்டது, அது ஆற்றங்கரை ரேஷன் கடைக் கட்டடம். முன்பு என்னவாக இருந்தது என்பதிலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கச்சேரி நடந்தது, சுவரில் சிப்ளாக்கட்டை தொங்குகிறது, ஊரில் கச்சேரியார் வீடு என்றே ஒரு வீடு இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? அத்தனை சீட்டிலும் பாட்டு மண்டபம் என்றே இருந்தது. ஒரு சீட்டில் மட்டும் போஸ்டாபீஸ் கையெழுத்தில் வேறு மாதிரி இருந்தது: தாசில் கச்சேரி, சுவரில் தொங்குவது தாளம் போடும் கட்டை அல்ல, கிட்டி.

காய்ச்சல் விட்டு எழுந்துவந்த ஆவுடைநாயகம் அந்தச் சீட்டைப் பிரித்தார். சுற்றிலும் ஜனம் நின்றது. அவர் அதைச் சத்தமாகவே படித்தார், படித்துவிட்டு, இது தவறான விடை என்றார். ஒருவர், அக்கா சின்ன வயதில் கிட்டிப்புள் விளையாடிய இடத்தைச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடைநாயகமும் சிரித்தார், தீர்ப்பைவிட அந்தச் சிரிப்புத்தான் பிறகு அவரைத் தூங்கவிடாமல் செய்தது. வெயிலுகந்தாள் அக்கா அவர் முகத்தை ஒருதரம் பார்த்தாள், குடையை எடுத்துக்கொண்டு போனாள், அதன்பின் சீட்டு எழுதவில்லை.

மறுநாள் காலையில் குற்றாலிங்கம் சாவியோடு கடை திறக்க வந்தபோது கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. இரவோடு இரவாகக் கட்டடம் திரும்பியிருந்தது, முகம் ஆற்றுக்கு, முதுகு தெருவுக்கு. அவர் கொஞ்ச நேரம் சாவியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கருவேல முள்ளில் கால் வைத்து, சாக்கடையைத் தாண்டி, சுற்றிப் போய்க் கதவைத் திறந்தார். பாமாயில் வழக்கம்போல் போட்டார்கள்.

ஊர் என்ன செய்யும், பழகிக்கொண்டது. வரிசையும் சுற்றிப் போய் நின்றது, முதலில் வந்தவன் யார் என்பதில் ஒரு வாரம் சண்டை நடந்தது, பிறகு அதுவும் ஓய்ந்தது. ரேஷன் கடை எதிரில் என்று பலகை எழுதி வைத்திருந்த சைக்கிள் கடைக்காரர் எதிரில் என்பதை அழித்துவிட்டுப் பின்புறம் என்று எழுதினார். நகராட்சியிலிருந்து பொறியாளர் ஒருவர் டேப்போடு வந்து நீளம் அகலம் அளந்து, அளவெல்லாம் முன்பிருந்தபடியே இருப்பதால் விதிமீறல் எதுவும் இல்லை என்று சொல்லி, கருப்பட்டிக் காபி குடித்துவிட்டுப் போனார். முதுகுச் சுவர் சும்மா இருக்கிறதே என்று அதில் எருமைக்காரர்கள் வறட்டி தட்டினார்கள். மாமியாரிடம் கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கும் மருமகளை ரேஷன் கடை என்று கூப்பிடும் வழக்கம்கூட அந்த ஊரில் அப்போது வந்ததுதான்.

ஆனால் ஏன் திரும்பிக்கொண்டது என்ற பேச்சு மட்டும் அடங்கவில்லை. யாருடைய முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் திரும்பியிருக்கிறது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஒரு காலத்தில் தினமும் பாட்டுக் கேட்ட சுவர், இத்தனை வருஷம் புழுத்த அரிசியையும் கைரேகை மெஷினின் கீச்சுச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தால் அதற்கு ரோஷம் வராதா என்று ஒருவர் சொல்ல, ஆமாம் ஆமாம் என்று ஊரே சொல்லி, அதைச் சமாதானப்படுத்தப் பாட்டு வைப்பது என்று தீர்மானமாயிற்று. பள்ளிக்கூடப் பெண்கள் பாடினார்கள். பஜனைக் கோஷ்டி பாடியது. திருச்செந்தூர் போகும் வழியில் இருந்த ஒரு வில்லுப்பாட்டுக் குழுவை நிறுத்திப் பாட வைத்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு கட்டடம் கொஞ்சம் நகர்ந்தது, தெருப் பக்கம் இல்லை, ஆற்றுப் பக்கம். முதலில் படித்துறையைத் தொட்டது, பிறகு படிகளில் இறங்கியது, கடைசியில் வாசற்படியைத் தண்ணீர் நனைத்தது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று சர்க்கரை வாங்கினார்கள், அரிசி மூட்டைகளின் அடி ஊறிப் புளித்தது. இன்னும் பெரிய பாட்டாக வேண்டும் போலிருக்கிறது என்று ஊர் சொன்னது.

ஆவுடைநாயகத்துக்கு மட்டும் அது எதற்காக ஆற்றை நோக்கிப் போகிறது என்று தெரியும். அதற்குப் புகழ்ச்சி தாங்கவில்லை. தினமும் கடை அடைத்த பிறகு அந்த முதுகுச் சுவருக்கு முன்னால் நின்று பார்த்தார், ஒரு கட்டடத்துக்கு இருக்கும் வெட்கம் தனக்கு இல்லாமல் போயிற்றே என்று நினைத்தார், நினைத்தபோது காது மடல் சுட்டது. ஆனால் வாயைத் திறந்தால் வீடு என்னாவது, பங்குனி மாலை என்னாவது, தெருவில் நடக்கும்போது கச்சேரியாரே என்று எழுந்து நிற்கிறார்களே அது என்னாவது? சங்கரவடிவு பிறந்த வீட்டில் பேசும்போதெல்லாம் எங்க வீட்டுப் பரம்பரை என்று ஆரம்பிப்பாளே, அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஊர் கூடி முடிவெடுத்தது. கட்டடத்துக்கு அதன் பழைய பெயரையே வைத்துக் கல் பதிப்பது, பெரிய வித்வானை வரவழைப்பது, கச்சேரியார் வீட்டுக்குப் பொன்னாடை போர்த்துவது. இதைக் கேட்டுமா அது திரும்பாமல் இருக்கும் என்றார்கள். அது திரும்பாது, ஒரேயடியாக ஆற்றுக்குள் இறங்கிவிடும் என்பது ஆவுடைநாயகத்துக்கு உறைத்தது. அன்று சாயங்காலமே வெயிலுகந்தாள் அக்கா வீட்டுக்குப் போனார்.

அவள் மோர் கொடுத்தாள். அவர் வெயிலைப் பற்றிப் பேசினார், அணையில் தண்ணீர் திறந்ததைப் பற்றிப் பேசினார், அக்கா வராமல் விளையாட்டே களையிழந்துவிட்டது, மறுபடி சீட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் வலது கையை அவருக்கு முன்னால் மேசைமேல் வைத்தாள்.

"எங்க பூட்டன் கையில நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டிப் போயி ஒத்த வெரலா இருக்குமாம். கலப்பையப் பிடிக்க முடியாது. சோத்தை அள்ள முடியாது. அவரு பொண்டாட்டிதான் கடைசி வரைக்கும் ஊட்டி விட்டாவளாம். இதை எனக்கு எங்க அப்பா சொன்னாவ. உங்களுக்கு உங்க அப்பா ஒண்ணும் சொல்லலியா?"

ஆவுடைநாயகம் மோரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருக்காவ. தெரியுது," என்றாள் அவள். "உங்க பூட்டன் செஞ்சதுக்கு நான் உங்ககிட்ட வரல தம்பி. அதுக்கு நீங்க என்ன செய்வீய? ஆனா அன்னைக்குச் சிரிச்சது உங்க பூட்டன் இல்லல்லா."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார், என்னவோ சொல்ல வாயெடுத்தார், தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது. வழி நெடுக, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாமே, கேட்டிருக்கலாமே என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

விழா நாளில் கட்டடம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. ஊர் முழுக்கத் தெருவில் கூடியது, வறட்டியைச் சுரண்டிவிட்டு முதுகுச் சுவருக்கு வெள்ளையடித்து மாவிலை கட்டியிருந்தார்கள். கல்லும் தயாராக இருந்தது. இசைக் கச்சேரி மண்டபம் என்றுதான் வெட்டச் சொன்னார்கள், கல் சின்னதாகப் போனதால் கல்தச்சர் முன்னும் பின்னும் விட்டுவிட்டுக் கச்சேரி என்று மட்டும் வெட்டிக்கொண்டு வந்திருந்தார், அதுவும் போதும் என்று விட்டுவிட்டார்கள். வித்வான் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். ஆவுடைநாயகத்துக்குப் பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, ஆரம்பியுங்கள் என்று சொல்லச் சொன்னார்கள். அணையில் திறந்த தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. சுவரில் ஒரு விரிசல் ஓடியது. கூட்டத்தின் ஓரத்தில், எல்லோரையும்போல் வேடிக்கை பார்க்க வந்ததாக, குடையை ஊன்றிக்கொண்டு வெயிலுகந்தாள் அக்கா நின்றாள்.

"ஒரு தீர்ப்பைத் தப்பாச் சொல்லிட்டேன்," என்றார் ஆவுடைநாயகம். "அக்கா எழுதுனதுதான் சரி. அது பாட்டுக் கச்சேரி இல்ல, தாசில் கச்சேரி. சுவத்துல தொங்கினது கிட்டி. அதைப் பிடிச்சு முறுக்கினது எங்க பூட்டன். எங்க வீட்டுல ஒருத்தனும் பாடுனதில்ல. எனக்கு இது அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் தப்புன்னு சொன்னேன். தெரிஞ்சுதான் சிரிச்சேன்."

அவர் இன்னும் என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தார், ஆனால் அதற்குள் ஆட்டுக்கல் சுற்றுவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. தண்ணீரைச் சொட்டச் சொட்டக் கட்டடம் படியேறி வந்தது, தன் பழைய இடத்துக்கு வந்து மெதுவாகத் திரும்பியது, கதவும் இரண்டு ஜன்னல்களும் தெருவைப் பார்த்தன. குற்றாலிங்கம் மடியில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். சைக்கிள் கடைக்காரர் பலகையை மறுபடி எழுத வேண்டுமே என்று முணுமுணுத்தார். சிவனணைந்தபெருமாள் கணக்கில் நேர்மையான மனிதர், கடைப் பையனிடம் சொல்லி அரைக் கிலோ அல்வாவை வரவழைத்து அக்காவிடம் கொடுத்தார், அவள் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

ஊர் தன்னைக் காறித் துப்பும் என்று ஆவுடைநாயகம் எதிர்பார்த்தார். துப்பியிருந்தால் தேவலை என்று பிறகு பலமுறை நினைத்தார். அன்றைக்கு வித்வான் நன்றாகவே பாடினார், ஜனம் நன்றாகவே கேட்டது. கல்லையும் பதித்துவிட்டார்கள், அதில் தப்பாக எதுவும் எழுதியிருக்கவில்லையே. சங்கரவடிவு இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள், பாடச் சொல்லி இனிமேல் யாரும் கேட்க மாட்டார்கள், அந்த மட்டுக்கும் நிம்மதி என்றாள். தெருவில் போகும்போது எல்லோரும் முன்போலவே கச்சேரியாரே என்று கூப்பிட்டார்கள். அவர்கள் குரலில் குத்தல் இல்லை, பழக்கம்தான், வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் நின்று, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, என்ன என்று கேட்டார்.

பங்குனி வந்தது. சந்தனமும் மாலையும் தட்டில் வைத்து வாசலுக்கு வந்தன. முதல் மரியாதை கச்சேரியார் வீட்டுக்கு என்றுதான் கோயிலில் வழக்கம், எந்தக் கச்சேரி என்று வழக்கத்தில் இல்லை என்றார் தட்டுக் கொண்டுவந்தவர். ஆவுடைநாயகம் செருப்புக்கூடப் போடாமல் தட்டை ஏந்திக்கொண்டு வெயிலுகந்தாள் அக்கா வீட்டுக்கு ஓடினார், இது உங்களுக்கு வர வேண்டியது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவள் முன்னால் நீட்டினார். அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்த அவள் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே மாலையைப் பார்த்தாள்.

"இதை வாங்கி நான் என்ன செய்யட்டும் தம்பி? இது உங்க வீட்டுப் பேருக்கு வந்தது," என்றாள். "நீங்களே போட்டுக்கிடுங்க. போட்டுக்கிட்டு எல்லாரும் பாக்க முன்னால உக்காருங்க. எறக்கி வச்சிரக் கூடாது."

அவர் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். மாலை பாரமாக இருந்தது, பூவெல்லாம் புதுப் பூ. கூட்டம் முழுக்க அவர் கைகளையே பார்ப்பதுபோல் இருந்தது, உண்மையில் யாரும் பார்க்கவில்லை. நாதஸ்வரக்காரர் சீவாளியைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு அவர் பக்கம் குனிந்து, கச்சேரியாரே, ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். ஆரம்பியுங்கள் என்று அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார்.